பத்தொன்பதாவது ஓட்டு

ஏப்ரல் 13, ஞாயிறு

இந்த டைரி நூல் கடைக்காரர் புது வருசத்துக்கு என் வீட்டுக்காரருக்குக் கொடுத்தது. துணி ஆர்டர் குறித்து வைப்பதற்கு. ஜனவரியில் இரண்டு வரி எழுதியிருக்கிறார், அதோடு சரி. ஆர்டர் வந்தால்தானே எழுதுவதற்கு? வெள்ளைத் தாள் வீணாகிறதே என்று நான் எடுத்துக்கொண்டேன். தேர்தல் முடிகிறவரை நடப்பதை எழுதி வைக்க எண்ணம். நாளைக்குக் கவுன்சிலர் ஆகிவிட்டால், எப்படி ஆனோம் என்று திரும்பிப் பார்க்கலாம் அல்லவா?

ஓடத்துறைப்பாளையம் பேரூராட்சியில் எங்கள் ஏழாவது வார்டை இந்த முறை பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். இந்த வார்டில் மயில் கட்சிக்கு மகளிர் அணிச் செயலாளர் யார்? சம்பூரணம், அதாவது நான். இருபத்திரண்டு வருசமாகக் கூட்டத்துக்குப் பெண்களைச் சேர்த்து, வேனில் ஏற்றி, பிரியாணிப் பொட்டலம் குறைந்தால் என்னுடையதைக் கொடுத்துவிட்டுப் பட்டினியோடு திரும்பி வந்தவள். இப்போது கவுன்சிலராக இருக்கிற ரத்தினண்ணன்தான் எங்கள் பேரூர்ச் செயலாளர். "சம்பூரணம் நம்ம வார்டுக்குத் தூணாட்டம்" என்று போன மாதம் மேடையிலேயே சொன்னார். சீட்டு எனக்குத்தான்.

எதிர்த்து நிற்கப்போவது வளர்மதியாம், சுயேச்சையாக. தேர்க் கட்சிச் செங்கோடன் பட்டறையில் தறி ஓட்டியவள். பட்டறையை மூடியதும் வேலை போயிற்று. போன கோடையில் காலிக்குடங்களோடு ரோட்டை மறித்தது அவள்தான். அன்றைக்கு மேல்நிலைத் தொட்டியின் ஏணியில் ஏறி, கல்லால் தட்டி, "கேக்குதா? உள்ள காத்துத்தான் இருக்குது!" என்று கத்தினாள்.

அந்தத் தொட்டியைத் தேர்க் கட்சி ஆட்சியில் கட்டித் திறந்தார்கள். அதற்கு ஒரு கல்வெட்டு. பிறகு நாங்கள் வந்து, பெயிண்ட் அடித்து மறுபடியும் திறந்தோம். அதற்கு இன்னொரு கல்வெட்டு. ஆற்றிலிருந்து வரவேண்டிய குழாயை மட்டும் இரண்டு பேரும் போடவில்லை. போட்டதாகப் பில் இருக்கிறது என்று ஊரில் பேச்சு.

வளர்மதி ஏணியில் ஏறிய தைரியம் எனக்குப் பிடித்திருந்தது. அது மட்டும்தான் பிடித்திருந்தது.

ஏப்ரல் 15, செவ்வாய்

எங்கள் நான்கு தறிகளில் இரண்டை இன்று பழைய இரும்புக்குப் போட்டாயிற்று. முழுசாக ஏற்ற லாரியில் இடமில்லை என்று சம்மட்டியால் உடைத்துத்தான் ஏற்றினார்கள். இவர் வாசலுக்கே வரவில்லை. நான் நின்று பார்த்தேன், அழுதேன். நூல் விலை ஏறுகிறது, துணியைக் கேட்பார் இல்லை. வேறு என்ன செய்வார்?

தெருவில் பாதிப் பட்டறை ஓய்ந்துவிட்டது. இந்த ஊரில் எல்லாரும் தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசியே பழகியவர்கள். இப்போது தறி நின்ற பிறகும் தொண்டை மட்டும் இறங்க மாட்டேன் என்கிறது. எதிர்வீட்டுப் பாவாயி மருமகளைத் திட்டுவது அடுத்த தெருவரைக்கும் கேட்கிறது. இத்தனை காலமும் வீட்டு ரகசியத்தையெல்லாம் தறிதான் காப்பாற்றியிருக்கிறது.

ஏப்ரல் 17, வியாழன்

ரத்தினண்ணன் கூப்பிட்டு அனுப்பினார். பட்டுச் சேலை கட்டிக்கொண்டு போனேன்.

"அம்மிணி, மேலிடத்துல முடிவு பண்ணீட்டாங்க. நம்ம நிவேதிதாதான் நிக்குது. நீதான் கூடவே நின்னு செயிக்க வெக்கோணும்" என்றார்.

நிவேதிதா அவருடைய மருமகள். கோயம்புத்தூரில் இருக்கிறது. நல்ல பெண்தான், ஆனால் ஏழாவது வார்டு எந்தச் சந்தில் ஆரம்பிக்கிறது என்று கேட்டால் தெரியாது. மேலிடம் என்றால் சென்னை என்று நினைத்திருந்தேன். அவர் வீட்டு மாடி என்று இப்போதுதான் தெரிந்தது.

"சரிங்ண்ணா" என்று சொல்லிவிட்டு வந்தேன். இலவு காத்த கிளிக்காவது இறகு இருந்தது, பறந்து போயிருக்கும்.

ஏப்ரல் 18, வெள்ளி

தலைவலி. தண்ணீர் லாரியும் வரவில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

உலகம் தலைகீழாகிவிட்டது. மயிலும் தேரும் கூட்டணி!

முப்பது வருசமாக ரத்தினண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்குச் செங்கோடன் போனதில்லை, செங்கோடன் வீட்டு இழவுக்கு ரத்தினண்ணன் போனதில்லை. இந்த இரண்டு பேருக்காகத்தான் நானும் பாவாயியும் மூன்று தேர்தலில் பேச்சை விட்டோம், அவள் தேர் என்பதால். இன்று இருவரும் ஒரே சோபாவில் உட்கார்ந்து ஒரே தட்டில் முறுக்கு தின்கிறார்கள். பட்டறை மூடி வேலை போனவர்கள் வார்டுக்கு வார்டு சுயேச்சையாக மனு போட்டிருக்கிறார்களாம். அந்தப் பயம்தான் எலியையும் பூனையையும் சம்பந்தி ஆக்கியிருக்கிறது. எங்கள் வார்டு மயிலுக்கு, தலைவர் நாற்காலி தேருக்கு என்று பங்கு.

கூட்டத்தைத் தொட்டிக்குக் கீழேயே போட்டார்கள். இரண்டு கல்வெட்டுக்கும் சேர்த்து ஒரே மாலை. வளர்மதிக்குக் குழாய்ச் சின்னம் கிடைத்திருக்கிறது. "கொழாயத் தொறந்தா காத்துத்தான் வரும்!" என்று செங்கோடன் மைக்கில் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் தலைக்கு மேலே என்ன நிற்கிறது என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும். கூட்டம் தொட்டியை அண்ணாந்து பார்த்துச் சிரித்தது. நானும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன். கட்சிக்கு நல்லதில்லைதான், என்ன செய்ய?

ஏப்ரல் 25, வெள்ளி

வளர்மதி ஓட்டுக் கேட்டு வந்தாள். என் வீட்டுக்கு! வாசலில் மயில் கொடி பறக்கிறது, அதை ஒதுக்கிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள். கூட ஆளில்லை, மேளமில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டாள். போர்வெல் தண்ணீர், உப்பு. வேண்டுமென்றே அதைத்தான் கொடுத்தேன். முழுச் சொம்பையும் குடித்துவிட்டு, "எங்க ஊட்டுதுக்கு இது தேவலீங்க்கா" என்றாள்.

"நான் எந்தக் கட்சின்னு தெரிஞ்சுதான் வந்தியா?"

"தெரியாமங்களா? ஓட்டு இருக்கற ஊட்டுக்கெல்லாம் போறனுங்க. உங்க ஊட்டைத் தாண்டிப் போனா அது உங்களுக்கு மரியாதை இல்லீங்களே."

பிறகு எழுந்து நின்று சொன்னாள்: "ஒண்ணு சொல்றனுங்க்கா. இந்த வார்டுல எந்த ஊட்டுல எத்தன கொடம் இருக்குதுன்னு உங்களுக்குத்தான் தெரியும். உங்களுக்குச் சீட்டுக் குடுத்திருந்தா நான் நின்னிருக்கவே மாட்டனுங்க."

ஓட்டுக் கேட்க வந்தவர்கள் காலில் விழுந்து பார்த்திருக்கிறேன், குழந்தையைத் தூக்கிக் கொஞ்சிப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒருத்தி கேட்டுப் பார்த்ததில்லை. சாமர்த்தியக்காரி, ஆளை எப்படி மடக்குவது என்று தெரிந்து வைத்திருக்கிறாள் என்று இவரிடம் சொன்னேன். இவர், "நெசத்தைச் சொன்னாக்கூடச் சாமர்த்தியமா புள்ள?" என்றார். மனுசன் வாயைத் திறப்பது அபூர்வம். திறந்தால் இப்படி.

ஏப்ரல் 29, செவ்வாய்

இன்று மாரியம்மன் கோயிலில் சத்தியம்.

எங்கள் ஊர் வழக்கம் இது. பொருளைக் கொடுத்துவிட்டு, அம்மன் முன்னால் தட்டில் சூடம் ஏற்றி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்து, இன்ன சின்னத்துக்குத்தான் போடுவேன் என்று சொல்ல வைப்பது. அணைத்துவிட்டால் அணைத்ததுதான். வாக்குத் தவறினால் அம்மன் கண்ணைப் பறித்துவிடுவாள் என்று பயம். அதனால் இங்கே யாரும் இரண்டு கட்சியிடம் கை நீட்ட மாட்டார்கள்.

இந்த முறை வெள்ளிக் குங்குமச் சிமிழ். கட்சியின் மாவட்ட ஆபீசிலிருந்து வந்ததாம். ரத்தினண்ணன் முதல் சிமிழை எல்லார் முன்னாலும் என் கையில் கொடுத்தார். "வாங்கின வெள்ளிக்கு மயிலுக்கே ஓட்டு, தாயே" என்று நான்தான் முதலில் அணைத்தேன். பிறகு வரிசையாக எல்லாரும், அதே வார்த்தையைச் சொல்லி. தேர்க்காரி பாவாயிகூட அணைத்தாள். நானே தட்டைப் பிடித்து, நானே சூடம் வைத்து, ஒவ்வொருத்திக்கும் என் கையாலேயே சிமிழைக் கொடுத்தேன். ஐந்தாறு மாதமாகக் கூலி காணாத பெண்கள். கையில் வெள்ளி வந்ததும் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்கும் சந்தோசமாக இருந்தது. நல்ல கனமான சிமிழ் எனக்கு. பூசை மாடத்தில் வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 30, புதன்

பாவாயி மூச்சிரைக்க ஓடி வந்து சொன்னது: நேற்றுச் சூடம் அணைத்த பெண்கள் சிலர் வளர்மதியிடமே போய், "மனசெல்லாம் உம்பக்கம்தான், ஆனாச் சத்தியம் பண்ணிப்போட்டமே, என்ன பண்றது?" என்று அழுதிருக்கிறார்கள். அவள் என்ன சொன்னாளாம் தெரியுமா?

"சத்தியம் பண்ணியிருந்தாக் காப்பாத்துங்க. எனக்கு ஓட்டு வேணும், ரொம்ப வேணும். ஆனா உங்க சத்தியத்தை ஒடைச்சு வாங்கற ஓட்டு வேண்டாமுங்க. நாளைக்கு ஒரு கொழந்தைக்குக் காச்சல் வந்தாக்கூட, அதனாலதான் வந்துச்சுன்னு நீங்க தூங்க மாட்டீங்க."

பைத்தியக்காரி. தோற்பதற்கென்றே நிற்கிறாள். இருபத்திரண்டு வருசத்தில் எத்தனையோ வேட்பாளர்களைப் பார்த்துவிட்டேன். ஓட்டு போகிறது என்று தெரிந்தும் இப்படிச் சொல்ல எந்தக் கட்சியிலும் ஒரு ஆள் கிடையாது, எங்கள் கட்சி உட்பட. சாப்பிட உட்கார்ந்தால் அந்தப் பேச்சுத்தான் காதில் கேட்கிறது.

மே 1, வியாழன்

கொடி வாங்க ரத்தினண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் மொட்டைமாடியில் போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் கேட்டுக்குப் பக்கத்தில் மாதுளைச் செடி நிழலில் நின்றேன். வீட்டுக்குப் பின்னால்தான் அவருடைய பட்டறை. அது ஓடிய காலத்தில் பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது. இப்போது அதுவும் நின்றுவிட்டது. அது நின்றது அவர் தொண்டைக்குத் தெரியவில்லை. ஊருக்கே கேட்கிற மாதிரி மகனிடம் ரகசியம் பேசினார்.

"மாவட்டம் அனுப்புனது வெள்ளிதான்டா. அது பத்திரமா பீரோவுல இருக்குது. இவளுகளுக்கு முலாம் பூசுன தகரம் போதும். கறுக்கறதுக்குள்ள எலெக்சன் முடிஞ்சுரும். சம்பூரணத்துக்கு மட்டும் நெசத்தக் குடுத்துப்போட்டேன். அவ ஒருத்தி நம்புனாப் போதும், மத்தவளுக அவ மூஞ்சியப் பாத்தே நம்பிக்குவாளுக."

கொடி வாங்காமலே வந்துவிட்டேன்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். கொடுக்காமல் இருந்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். சீட்டைப் பறித்ததற்குக்கூட எனக்கு இவ்வளவு கோபம் வரவில்லை. அம்மன் முன்னால், என் கையால், என் முகத்தைக் காட்டி, கூலியில்லாத பெண்களுக்குத் தகரத்தைக் கொடுத்து, அவர்கள் உள்ளங்கையைச் சுட வைத்திருக்கிறார்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் நிவேதிதா ஜெயிக்கும். வாயைத் திறந்தால் இருபத்திரண்டு வருசமும் போகும். இவரிடம் கேட்டேன். "நீ ஏற்கனவே முடிவு பண்ணீட்டுத்தானே எங்கிட்டக் கேக்கற?" என்றார்.

மே 2, வெள்ளி

வெள்ளிக்கிழமை, கோயிலில் பெண்கள் கூட்டம். என் சிமிழையும் பாவாயியுடையதையும் எடுத்துக்கொண்டு போனேன். பூசாரி தட்டிலிருந்து திருநீறை அள்ளி, படியில் உட்கார்ந்து இரண்டையும் தேய்க்க ஆரம்பித்தேன். வெள்ளியைத் திருநீறு போட்டுத் தேய்த்தால் பளபளக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். என்னுடையது பளபளத்தது. பாவாயியுடையது பத்துத் தேய்ப்பில் தோலுரிந்து தகரம் தெரிந்தது.

"நான் குடுத்ததுல என்னோடதத் தவிர அத்தனையும் தகரம். எனக்கு நேத்துத்தான் தெரிஞ்சுது" என்று சத்தமாகவே சொன்னேன். எனக்கும் தறித் தொண்டைதானே.

ஒருத்தி சிமிழை மண்ணில் வீசினாள், ஒருத்தி அழுதாள், ஒருத்தி என்னைத் திட்டினாள். திட்டட்டும். பாவாயிதான் பூசாரியைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப நாங்க அணைச்ச சூடத்துக்கு என்னங்க கணக்கு?"

பூசாரி பயந்த சுபாவம். ரத்தினண்ணன் வீட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்தார், அம்மனை ஒரு தடவை பார்த்தார். "வாங்குன வெள்ளிக்குன்னுதான சொன்னீங்க? வெள்ளியே வாங்கலியே. தகரத்துக்கெல்லாம் ஆத்தா சாட்சி சொல்ல மாட்டா. போங்க, போங்க" என்று சொல்லிவிட்டு, தீர்த்தத்தை எல்லார் தலையிலும் தெளித்தார்.

எல்லார் முகமும் மாறியதைப் பார்க்க வேண்டுமே! பாவாயி சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்தாள். அப்புறம் என் மடியிலிருந்த சிமிழைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"ஆனா அக்கா, உன்னோடது வெள்ளியாச்சே?"

"ஆமா" என்றேன்.

சாயங்காலம் ரத்தினண்ணன் வாசலில் வந்து நின்று தெருவே கேட்கக் கத்தினார். "கட்சிக்குத் துரோகம் பண்ணீட்டியே! இனி நீ எந்தப் பக்கம்னு சொல்லு!"

"சூடம் அணைச்ச பக்கம்தானுங்ண்ணா. எனக்குக் குடுத்தது வெள்ளி" என்றேன். அவருக்குப் புரியவில்லை. புரிய அவர் சத்தியம் பண்ணிப் பழகியிருக்க வேண்டும்.

மே 4, ஞாயிறு

ஓட்டுப் போட்டேன். பெண்கள் சாவடியில் கூட்டம் பிள்ளையார் கோயில் வரைக்கும் நின்றது. இப்படி ஒரு வரிசையை இந்த வார்டில் பார்த்ததில்லை. யாரும் வேனில் ஏற்றி வரவில்லை, அவர்களாகவே வந்தார்கள்.

பொத்தானுக்கு முன்னால் கொஞ்சநேரம் நின்றேன். பெட்டியில் குழாய்ப் படம் என்னையே பார்த்தது. உண்டியலில் சிமிழைப் போட்டுவிட்டால் தீர்ந்துவிடும் என்று காலையில் பாவாயி யோசனை சொன்னாள். வாங்கியதைத் திருப்பிப் போட்டால் சொன்ன வார்த்தை திரும்பி வந்துவிடுமா? சத்தியத்தை உடைத்து வாங்குகிற ஓட்டு வேண்டாம் என்று சொன்னவளுக்கு, உடைத்துக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றேன். வளர்மதி நின்ற பக்கம் பார்க்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மே 7, புதன்

வளர்மதி ஜெயித்துவிட்டாள்!

ஆண்கள் சாவடியில் மயில்தான் முன்னால். பிறகு பெண்கள் சாவடிப் பெட்டியைத் திறந்தார்கள். அதில் மயிலுக்கு விழுந்தது மொத்தமே பத்தொன்பது. அதிகாரி ஒலிபெருக்கியில் இரண்டு தடவை படித்தார், அவருக்கே நம்பிக்கை வராமல்.

தெரு முழுக்க வெடி. பாவாயி இடுப்பில் குடத்தை வைத்துக்கொண்டு ஆடினாள். இந்த ஊரில் தேர் விழுந்தால் மயில், மயில் விழுந்தால் தேர் என்றுதான் என் ஆயுசில் பார்த்திருக்கிறேன். இரண்டும் சேர்ந்து நின்று, இரண்டும் சேர்ந்தே விழுந்ததை இன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கும் ஆட வேண்டும் போலிருந்தது. மகளிர் அணிச் செயலாளர் எந்த முகத்தோடு ஆடுவது?

சாயங்காலம் தண்ணீர் லாரி வரிசையில் ஒரே பேச்சு. ரத்தினண்ணன் வீட்டிலும் பங்காளி வீடுகளிலும் ஓட்டுள்ள பெண்கள் பதினெட்டுப் பேர். இவளுகள் விரல் விட்டு எண்ணியே பார்த்துவிட்டார்கள். "அந்தப் பத்தொம்பதாவது ஓட்டு எவளோடது?" என்று ஆளாளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள். பாவாயி மட்டும் சொல்லவில்லை. என் குடத்தை வாங்கித் தன் குடத்துக்கு முன்னால் வைத்தாள்.

மே 8, வியாழன்

வளர்மதி வந்தாள். மாலையெல்லாம் போட்டுக்கொள்ளவில்லை, அதே நூல் சேலை. அன்றைக்கு உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்து, அதே உப்புத் தண்ணீரைக் கேட்டு வாங்கிக் குடித்தாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

"வளரு, நான் உனக்குப் போடல" என்றேன். சொல்லிவிட்டால் தேவலை என்று தோன்றியது.

"தெரியுமுங்க்கா. பத்தொம்பதுன்னு படிச்சப்பவே தெரிஞ்சுபோச்சு. எனக்கு விழுந்த ஓட்டையெல்லாம் விட அந்த ஒரு ஓட்டைப் பத்தித்தான் ராத்திரியெல்லாம் நெனச்சுட்டே இருந்தேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒரு வேலையா வந்தனுங்க. மயிலும் தேரும் ஒண்ணாப் போயிருச்சு. இனி இந்த வார்டுல என்னை யாருங்க கேள்வி கேப்பாங்க? எல்லாரும் என்னைத் தூக்கி வெச்சு ஆடறாங்க, எனக்குப் பயமா இருக்குது. ரத்தினண்ணனும் மொத தடவை செயிச்சப்ப நல்ல மனுசனாத்தான் இருந்தாருன்னு எங்கம்மா சொல்லும். எனக்கு ஒரு எதிர்க்கட்சி வேணுமுங்க. நீங்க இருங்க."

"நான் ஒருத்தி எப்படிடீ எதிர்க்கட்சி ஆவேன்?"

"ஊரே ஒரு பக்கம் போனப்ப நீங்க ஒருத்திதானுங்க சொன்ன சொல்லுல நின்னீங்க. அது போதுமுங்க. குழாய் போடறேன்னு நான் சூடம் அணைக்கல, வாயாலதான் சொல்லியிருக்கேன். மறந்துறாம பாத்துக்கங்க."

அவள் போன பிறகு வாசலில் இருந்த மயில் கொடியை இறக்கி மடித்து வைத்தேன். கம்பம் சும்மா நிற்கிறது. நிற்கட்டும். ரத்தினண்ணனைத் தூக்கிச் சுமந்த இருபத்திரண்டு வருசத்தில், இப்படி ஒரு வேலையை எனக்கு யாரும் கொடுத்ததில்லை.

மே 9, வெள்ளி

விடிந்ததும் காலிக்குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டேன். "எங்க புள்ள கெளம்பீட்ட? இன்னைக்கு லாரி கெடையாதே" என்றார் இவர். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினேன்.

வளர்மதி வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. குடத்தாலேயே தட்டினேன். காலிக்குடம் அல்லவா, தெருவே எழுந்துவிட்டது.

"ஆருங்க அது?" என்றாள் உள்ளேயிருந்து.

"எதிர்க்கட்சி" என்றேன்.